ராணியின் முன்கை

இஃப்ரா பஞ்சை இன்னொரு முறை உருட்டியதும் ராணியின் முன்கையிலிருந்து ஒரு வளையல் கரைந்து போனது. அடியில் தோல். தோலில் வரிசையாகப் பச்சைப் புள்ளிகள்.

"ஆன்ட்டி, இந்த வளையலெல்லாம் பின்னாடி யாரோ போட்டது. பெயின்ட்டே வேற. கீழ பச்சை குத்தியிருக்கு பாருங்க."

முத்துலட்சுமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். சாந்தோமில் ஒரு மாடியறையில் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து கொடுப்பது இஃப்ராவின் தொழில். இந்த ஓவியம் வெள்ளூரணி ஜமீன் ராணியுடையது. முத்துலட்சுமியின் தம்பி கணேசமூர்த்தி தி. நகரில் நடத்தும் பட்டுக்கடையில் பை, பில், பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் இந்த முகம்தான். அடுத்த வாரம் புதுக்கடைத் திறப்பு. வாசலில் அசல் படத்தை வைத்து, ராணியின் கொள்ளுப்பேத்தி என்று முத்துலட்சுமியை விளக்கேற்ற வைக்கப் போகிறார்கள். ஆதாரம் கேட்பவர்களுக்கு அவள் மோவாயே போதும். படத்திலிருக்கும் அதே குழி.

பச்சை குத்திக்கொள்வது வயலில் இறங்கும் பெண்கள் வழக்கம். வெள்ளூரணி அரண்மனைக்குள் அந்த ஊசி நுழைந்திருக்காது.

வீட்டில் ராணியைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. ஒன்று கோஷா. அந்நிய ஆண் எவனும் ராணியின் முகத்தைப் பார்த்ததில்லை. காய்ச்சலுக்கு வந்த வைத்தியர்கூடத் திரைக்கு வெளியே உட்கார்ந்து, மணிக்கட்டில் கட்டிய நூலைப் பிடித்துத்தான் நாடி பார்த்தாராம். மற்றது, மெட்ராஸிலிருந்து வந்த ஓவியர் மழைக்காலம் முழுக்கத் தங்கி, ராணியை எதிரே உட்கார வைத்து இந்தப் படத்தை வரைந்த கதை. இரண்டையும் ஒரே மூச்சில் பெருமையாகச் சொல்லுவார்கள். முத்துலட்சுமியும் தன் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொன்னாள். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்க இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படியேறி வந்து அந்தக் கையைப் பார்த்த கணேசமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. "யம்மா, பழையபடி வளையலை வரைஞ்சிரு. கூட ரெண்டு சேத்தே போடு," என்றான் இஃப்ராவிடம்.

"வரையலாம் அங்கிள். நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்க."

"பேச என்ன இருக்கு? எவளோ களை பறிச்சவ படத்தை வாசல்ல வச்சா பட்டு விக்குமாக்கா?"

"இத்தன வருசமா அவதாம்ல வித்துக் குடுத்திருக்கா."

"கேலியா பண்ணுத? சரி, இவ ராணி இல்ல. அப்ப இந்த மோவாய் உனக்கு எங்கருந்து வந்துச்சாம்?"

கேட்ட பிறகுதான், தான் கேட்டது அவனுக்கே உறைத்தது.

ராணிக்கு வெகுகாலம் பிள்ளையில்லை. ராமேஸ்வரம்வரை போய்வந்து, கடைசியில் ஒரு பெண் பிறந்தது. அவள்தான் இவர்களுடைய அம்மாவின் அம்மா. படம் வரைந்த மழைக்கு அடுத்த வருடம் பிறந்தவள். எல்லாம் தெரிந்த கணக்குதான். கூட்டிப் பார்க்காத கணக்கு.

முத்துலட்சுமி படத்தையே பார்த்தாள். படத்திலிருப்பது ராணி இல்லை என்று ஆனது பெரிதாகத் தெரியவில்லை. இவள் யார்? தினமும் காலையில் நகையைப் பூட்டி உட்கார வைத்திருப்பார்கள், சாயங்காலம் கழற்றி வாங்கியிருப்பார்கள். பிள்ளையை வாங்கிக்கொண்டதும் அதே ஆட்கள்தானா? அதன்பிறகு நெல் குத்தப் போனாளா, ஊரைவிட்டே அனுப்பினார்களா? கண்ணில் பயமில்லை. சலிப்புதான் இருந்தது. இத்தனை நாள் அதை ராஜகளை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"திறப்புக்கு வருவியா, மாட்டியாக்கா?"

"வருவேன். இந்தக் கையை மூடாமக் கொண்டாந்தா வருவேன். கொள்ளுப்பேத்தின்னே மைக்குல சொல்லு. யாருக்குன்னு கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

"கடையை மூட வச்சிட்டுத்தான் ஓய்வே," என்றான். ஆனால் கிளம்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் தொடைம்மா," என்றாள் முத்துலட்சுமி.

இஃப்ரா புதுப் பஞ்சை நனைத்தாள். அடுத்த வளையல் மஞ்சளாகக் கரைந்து இறங்கியது. புள்ளிகளுக்கு மேலே மெல்லிய கால்கள் தெரிந்தன. இந்தப் பக்கம் சில, அந்தப் பக்கம் சில. கணேசமூர்த்தி முனகிக்கொண்டே செல்போன் டார்ச்சைப் போட்டுக் கிட்டே பிடித்தான்.

"என்னதுக்கா இது, பூரானா?"

"தேளுல."

கொடுக்கு இன்னும் அடுத்த வளையலுக்குள் இருந்தது.