ஏழு டேக்கிலும் ஒரே மூச்சு

...பல் தேய்த்தான், முட்டையை வேகவைத்தான், பாதி தின்றான், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுவிட்டுக் கழற்றித் திரும்பப் போட்டான், பத்து மணிக்கு ஸ்டூடியோ, இறந்தவளின் ஆல்பத்தை வெளியிடக் கணவன் என்று அவன் கையெழுத்து வேண்டுமாம், பாட்டுகளைக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன் என்றிருந்தான். ஜாஸ் பாடகி எதற்காகப் பாப் பாட்டுகளைப் பாட ஒப்புக்கொண்டாள்? சூயிங்கம் என்று கேலி செய்தவள்... யார் கேட்டுக்கொண்டார்கள்? ஸ்டூடியோவில், அவளுக்கு வாசித்த பியானோக்காரன் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு வந்திருந்தான், துக்கத்துக்கு இது கொஞ்சம் அதிகப்படியான சுத்தம், ‘சாப்டீங்களா?’ என்றான், அந்த அக்கறை எதற்கு? ஒலிப்பதிவு செய்த அம்மாள் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். ‘இந்தக் கடைசிப் பாட்டுதான் தம்பி எனக்குப் புரியல. உன் பொண்டாட்டி ஒரு தடவை பாடின மாதிரி மறுதடவை பாட மாட்டா, வெட்டி ஒட்டறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிடும். இதுல ஏழு தடவை பாடிப் பதிஞ்சா, ஏழு டேக்கும் அச்சு அசல் ஒண்ணு. தப்பு உட்பட.’

கேட்டான். மூன்றாவது வரியில், ஒரு சொல்லின் நடுவே, மூச்சு வாங்கினாள். பாட்டு கற்க வந்த முதல் வாரத்தில்கூட யாரும் செய்யாத பிழை, ஏழு முறையும் அதே இடத்தில்... அப்படியானால் அது அவளுடைய மூச்சு இல்லை, யாரையோ பார்த்து எழுதியது, ஒருவன் எங்கே மூச்சு வாங்குவான் என்று தெரிய எவ்வளவு பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்? பியானோக்காரனின் நெஞ்சைப் பார்த்தான். ‘அந்த வரியை நீங்க பாடுங்க.’ ‘நானா? கட்டடமே காலியாயிடும்.’ பாடினான், கட்டைக் குரல், ஆனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மூச்சு. அவன் இல்லை, அப்போது யார்? ‘நானும் கேட்டேன்,’ என்றாள் அம்மாள், ‘மூச்சு அறுந்துடுச்சேடி, இன்னொண்ணு போலாமான்னு. அங்கதான் அவன் மூச்சு வாங்குவான், அப்படியே இருக்கட்டும்னா. எவன்னு நான் கேக்கல.’

காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் நடைவழிக்கு வந்தான். எவன்... கல்யாணமான புதிதில், காய் நறுக்கும்போது, இதே பாட்டை அவனும் பாடியிருக்கிறான், எங்கே மூச்சு வாங்கினான்? தன் மூச்சைத் தானே யார் கவனிக்கிறார்கள்? வாயைத் திறந்து பார்த்தான், சத்தம் வரவில்லை. அவளுடைய கடைசி நாள், மத்தியானம் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனாள், காலையில் கிளம்பும்போது ‘பத்திரமா இரு’ன்னு சொன்னா என்றுதான் துக்கம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறான், கேட்டவர்கள் அழுதார்கள். அப்படி அவள் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, அவனைப் பார்க்காமல், சொன்னது இவ்வளவுதான்:

‘இப்பல்லாம் நீ பாடறதே இல்ல.’