மாரிமுத்துவுக்குக் கிடைத்த ஊசி

அறுபத்திரண்டாம் வருஷம், யட்டவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாரிமுத்து புற்றுநோயில் துடித்து, "சாமி, என்னை அனுப்பி வச்சிருங்க" என்று டாக்டரைக் கெஞ்சினார். டாக்டர் ஓர் ஊசி போட்டார். மத்தியானத்துக்குள் சிரித்த முகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார் மாரிமுத்து.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அன்று தண்ணீரைவிடப் பேச்சுத்தான் அதிகம் ஓடியது. "புண்ணியம்" என்றது லயத்து வரிசை வீடுகளில் பாதி. "கொலை" என்றது மீதி. எல்லாருக்கும் மேலே கேட்டது வெள்ளையம்மாவின் குரல். தம்புள்ளைக்குப் போன லாரிகூட ஹாரன் சத்தமென்று ஒதுங்கி வழிவிட்டதாம்.

அவளுக்கு வயிறு எரிந்தது. அவள் புருஷனும் போன வருஷம் இதே நோயில்தான் போனார், ஆனால் நாலு மாதம் கதறி. கடைசிப் பால் என்று ஊற்றி ஊற்றியே லயத்துப் பசுக்கள் மூன்று வற்றிப்போயின. மாரிமுத்துவுக்கு மட்டும் அப்படியென்ன கொடுப்பினை?

நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றாள். "உசிர எடுக்க நீங்க யாருங்க ஐயா?"

"வலிக்குத்தாம்மா போட்டேன். உசிர் அதுவாப் போச்சு," என்றார் டாக்டர்.

"அத என் வீட்டுக்காரருக்கு ஏன் போடல?"

"நான் இங்க வந்தே ஆறு மாசந்தானேம்மா."

வெள்ளையம்மா முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சரிங்க. எனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருங்க. பீலிக்கரையில மட்டும் சொல்லிப்புடாதீங்க."