தனி மெஷின்காரர்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எத்தனையோ கம்பெனி, எத்தனையோ ஆயிரம் மெஷின். அத்தனையிலும் ஒரே ஒரு ஆளுக்கென்று ஒதுக்கப்பட்ட மெஷின் ஒன்றே ஒன்றுதான், அந்த ஆள் தான்தான் என்று ஏசுவடியான் சொன்னால் அதில் துளி விளையாட்டு கிடையாது.

கார் சீட் கம்பெனியில் லைன் லீடராக இருந்தவர். கிட்னி இரண்டும் கைவிட்ட பிறகு படப்பையிலிருந்து டயாலிசிஸுக்கு வந்து போகிறார். ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி தெரிந்ததும், மற்றவர்களுக்குத் தொற்றக் கூடாதென்று அவரைப் பொது ஹாலிலிருந்து பிரித்து, மூலை அறையில் தனி மெஷினில் போட்டார்கள். ஏசுவடியான் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

"ஹால்ல கீறவங்க எல்லாம் கான்ட்ராக்ட்டு. நான் பர்மனென்ட்டு," என்றார் நர்ஸிடம்.

மெஷினைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார். பழைய லைன் பையன்கள் பார்க்க வந்தால் டேப்புக்கு வெளியே வரிசையில் நிற்கவைத்தே நலம் விசாரிக்கவிட்டார்.

கிருமியை ஒழிக்க டாக்டர் மூன்று மாதத்துக்கு மாத்திரை கொடுத்திருந்தார். ஒழிந்தால் ஹாலுக்குத் திரும்ப வேண்டும். ஏசுவடியான் டப்பாவின் சீலைக்கூட உடைக்கவில்லை.

அதே கிருமியோடு குன்றத்தூர் வேல்விழி அதே மெஷினுக்கு மத்தியான ஷிப்டில் வந்தாள். "அது ரிலீவரு," என்று தன் பெருமைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டார். அவளோ போனில் அலாரம் வைத்து, தவறாமல் மாத்திரை விழுங்கினாள்.

"இன்னாம்மா, டிமோஷனைக் கேட்டு வாங்கினு கீற? அதுக்கு அலாரம் வேற! எல்.கே.ஜி. புள்ளையா நீ?"

"சிரிச்சுக்கோண்ணே. கிருமி போனாத்தான் தங்கச்சி கிட்னிய எனக்கு வைப்பாங்களாம்."

வேல்விழிக்குக் கிருமி போய்விட்டது. ஹாலுக்குப் போகுமுன் சொல்லிக்கொள்ள வந்தவள், ஏசுவடியானுக்குத் துணையாக வந்திருந்த மனைவி மெர்சியிடம் கேட்டாள்: "அண்ணன் எப்ப அண்ணி மாத்திரைய முடிக்கிறாரு?"

"இன்னா மாத்திரை?"

மெர்சியின் கிட்னி அவருக்குப் பொருந்தும் என்று டெஸ்ட் வந்து மாதக்கணக்காகிறது. "ஆபரேஷனுக்கு க்யூவுல கீறோம்," என்றே அவளிடம் சொல்லிவந்தார்.

அவர் பையிலிருந்து டப்பாவை எடுத்துப் பார்த்தாள் மெர்சி. ஏசுவடியானுக்கு ஓடவும் வழியில்லை, கையில் ஊசி இரண்டு, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கப்பன் குடுத்த பைக்க வேணாம்னியா? வாங்கினு மாதாகோயில ரெண்டு சுத்து சுத்துனல்ல? கிட்னின்னா மட்டும் கசக்குதா? எங்கூட்டுக் கிட்னி அவ்ளோ மட்டமா போச்சா?"

"அது இல்ல மெர்சி..."

"அந்த மெஷினுக்குப் பேரு எதுனா வச்சிக்கிறியா?"

வைத்திருந்தார். சொல்லவில்லை.

மெர்சியின் குரல் இறங்கியது. "ஏதோ ஒரு தைரியத்துல குடுக்கறேன்னுட்டேன்யா. தெனம் பயந்துகினுதான் கீறேன். இன்னும் எத்தினி நாள் அந்தத் தைரியம் தாங்கும்னு எனக்கே தெரியாது."

மஞ்சள் டேப்பை மிதித்துக்கொண்டு போய், சுவரோரம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் மூச்சு சீராகும்வரை ஏசுவடியான் காத்திருந்தார். ஊசி இல்லாத கையால் டப்பாவைப் பிடித்து, பல்லால் சீலைக் கிழித்தார். அன்றைக்கு அவருக்கு அனுமதித்த தண்ணீரில் ஒரு வாய் குடித்து மாத்திரையை விழுங்கினார். பிறகு போனை எடுத்து, தினமும் இதே நேரத்துக்கு அலாரம் வைத்தார். ஹாலில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று வைப்ரேஷனில் போட்டார்.