காத்தவராயன் மேஸ்திரி

கோட்டைப் பள்ளிவாசலின் மேற்குச் சுவர்மேல் ஆணை, இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. இறந்துபோன நைனாவைக் குளிப்பாட்ட மகள் ஜெயஸ்ரீ குடத்தைத் தூக்கியபோதுதான் வீட்டு வாசலுக்கு எதிரே ஃப்ளெக்ஸ் ஏறியது: ‘பள்ளிவாசல் கட்டிய காத்தவராயன் வம்சம், பெரியதம்பி மறைந்தார்.’

குடம் இடுப்பிலேயே நின்றுவிட்டது.

“எவன்டா இத எழுதச் சொன்னது?”

“நைனா சொன்னதுதானக்கா,” என்றான் தம்பி எழிலன்.

நைனா சொன்னது கொஞ்சமா? முப்பது வருஷம் செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியவர். சுண்ணாம்பில் வெல்லம் கூடிப்போனதால் ஒரு மினாரை எறும்புகளே தின்று தீர்த்தன என்பார். வளைவுக்கு அடியில் நின்று தும்மினால் ராஜகிரி மலை உச்சியிலிருந்து யாரோ ‘நூறு’ என்பார்களாம். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். மேற்குச் சுவர் மாடத்தைச் சுற்றி ஓடும் பாரசீக எழுத்தில், கட்டியவன் என்று தன் முப்பாட்டன் பெயர் இருப்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். அதற்கு யாரும் சிரிக்கக் கூடாது.

நேற்று மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதைப் பற்றித்தான் சொன்னார்: “பாய்கிட்ட மட்டும் அத படிக்கச் சொல்லிடாதம்மா.”

அந்தத் தெருவுக்குத் தெரிந்து பாரசீகம் படித்தவர் இதாயத்துல்லா பாய் ஒருவர்தான். இதோ, மாலையோடு வந்துவிட்டார். ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

“இன்னா பாய், நெஜமாவே அப்டி எழுதியிருக்குதா?” பங்காளி இளையபெருமாள் பல்லைக் காட்டினான்.

“தப்பா அடிச்சிருக்காங்க,” என்றார் பாய்.

ஜெயஸ்ரீ குடத்தை இறுக்கிப் பிடித்தாள்.

“வெறும் காத்தவராயன் இல்ல. காத்தவராயன் மேஸ்திரி. கல்லுல அப்டித்தான் இருக்குது. மேஸ்திரிய விட்டுட்டீங்களே.”

இளையபெருமாள் கூட்டத்துக்குள் நழுவினான். எழிலன் மார்க்கர் தேடி ஓடினான். ஜெயஸ்ரீ குடத்துத் தண்ணீரை நைனாவின் தலையில் நிதானமாக ஊற்றி, காதுக்குப் பின்னால் நன்றாகத் தேய்த்துவிட்டாள்.

“டீ குடிச்சிட்டுப் போங்க பாய்.”

“சக்கர கம்மியா போடும்மா,” என்றார் பாய். “எறும்பு வந்துடும்.”

அந்த மாடத்தைச் சுற்றி ஓடுவது கொடியும் பூவும். எழுத்து என்று ஒன்றுகூட இல்லை.