நாற்காலிக் கோப்பில் உஷாராணி

1

இந்தக் கதை டெல்லி துவாரகாவில், எங்கள் கட்டடத்து லிஃப்டில் பிறந்தது. நான்காவது மாடி உஷாராணி பொத்தானை அழுத்திக்கொண்டே சொன்னாள்: "அக்கா, மார்பில கேன்சர் வந்து ஒரு பக்கத்தை எடுத்தது ஊருக்கே தெரியும். அங்க திரும்ப ஏதாவது வைக்கிறதா வேண்டாமான்னு திங்கட்கிழமை டாக்டருக்குச் சொல்லணும். நீங்க இதைக் கதையா எழுதுங்க. ஆனா யாராவது அழுதீங்கன்னா மோட்டார் போட மாட்டேன்."

மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சாவி அவளிடம்தான் இருக்கிறது. ஆகவே இது சிரிப்புக் கதை.

2

முதல் தொடக்கம்: "ஜன்னலுக்கு வெளியே மூடுபனி கவிந்திருந்த அந்த—"

(வேண்டாம். மோட்டார்.)

இரண்டாம் தொடக்கம்: "கண்ணாடி முன் வெகுநேரம் நின்ற உஷாராணி—"

(எங்கே நிற்பாள்? குளியலறையை அவள் கணவர் பிடித்து வைத்திருக்கிறார்.)

3

கணவர் ராஜவேல், ஓர் அமைச்சகத்தில் பிரிவு அதிகாரி. கோப்பு போடாமல் கொத்தமல்லிகூட வாங்கமாட்டார். [இப்படியும் ஓர் ஆளா என்று எனக்கே சந்தேகம். ஆனால் காலை மெட்ரோவில் இவரைப் போல நாற்பது பேர் ஏறுகிறார்கள்.]

மனைவிக்கு உதவ நான்கு பக்கக் குறிப்பு தயாரித்தார். அ: சிலிக்கோன் வைப்பது. ஆ: வயிற்றுச் சதையை எடுத்து மேலே வைத்துத் தைப்பது. இ: ஒன்றும் செய்யாமல் அப்படியே விடுவது. கீழே உறவினர் கருத்துகள். அவருடைய அக்கா சுஜாதா 'ஆ' கட்சி: "அச்சா ஐடியாடா! வயிறும் கொறையும். பத்தலேன்னா எங்கிட்ட எடுத்துக்கச் சொல்லு."

குறிப்பை அலுவலகக் கணினியில் தட்டியதுதான் வினை. வெள்ளிக்கிழமை அவசரத்தில் அது புது நாற்காலி வாங்கும் கோப்போடு சேர்ந்து இணைச் செயலர் அம்மாவிடம் போய்விட்டது.

4

மாலையே திரும்பியது. ராஜவேல் வெளிறிய முகத்தோடு வீட்டுக்கு வந்து தாளை நீட்டினார். செயலரம்மா எழுதியிருந்தது இவ்வளவுதான்: "நாற்காலிக்குச் சம்மதம். மற்றதில், சம்பந்தப்பட்டவரின் கருத்து எங்கே?"

உஷாராணி நான்கு பக்கத்தையும் புரட்டினாள். மாமியார், ஓரகத்தி, ராஜவேலின் யோகா மாஸ்டர் எல்லோரும் கருத்துச் சொல்லியிருந்தார்கள்.

"என்னங்க, எங்கிட்ட மட்டும் கேக்கலையே?"

"உனக்காகத்தானே உஷா இவ்வளவும்..."

"அதான் கேக்குறேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். "பயமா இருந்துச்சு. எழுதிக்கிட்டே இருந்தா பயம் தெரியல."

உஷாராணி அவருக்குக் காபி போட்டாள், சர்க்கரையை மறந்துவிட்டாள். அவர் கேட்காமல் குடித்தார்.

(இங்கே எனக்கு அழுகை வரப் பார்த்தது. குழாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சமாளித்துக்கொண்டேன்.)

5

மூன்று முடிவுகள் எழுதினேன். 'அ'வில் அவள் புது ரவிக்கை தைக்கிறாள். 'ஆ'வில் சுஜாதா பொறாமைப்படுகிறாள். 'இ'யில் மருத்துவமனைக்குப் போகாமல் அன்று பிரியாணி. மூன்றையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை நான்காவது மாடிக்குப் போனேன்.

பொறுமையாகப் படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்களும் எங்கிட்ட கேக்கலையேக்கா?"

என் பேனாவைப் பிடுங்கி, கணவரின் குறிப்பில் நான்காம் பக்கத்து அடியில் ஏதோ எழுதி, மடித்து, கைப்பைக்குள் வைத்தாள். எனக்குக் காட்டவில்லை. ராஜவேல் எட்டிப் பார்த்ததற்கு, "திங்கட்கிழமை டாக்டர் முன்னாடி தெரிஞ்சுக்குங்க" என்றாள்.

வாசகரே, உங்கள் கருத்துக்காக இங்கே இரண்டு வரி இடம் விட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். உங்களையும் யாரும் கேட்கவில்லை. மோட்டார் ஓடுகிறது, வாளியை நிரப்பிக்கொள்ளுங்கள்.