புகை போட்ட பாட்டில்

சூசாமிர் மலை நெடுஞ்சாலையோரம், தன் கூடாரத்து வாசலில் அனார்கான் அன்று காலையும் பாட்டில்களுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தாள். தகரத் தட்டில் ஆர்ச்சா மரக் குச்சிகள் கனன்றன. குதிரைப் பாலைப் புளிக்க வைத்துக் குமிஸ் ஆக்கும் மரக்குடத்துக்கு இப்படிப் புகை காட்டுவது அங்கே வழக்கம். சாலையில் போகிறவர்களுக்குக் குமிஸ் ஊற்றி விற்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் அனார்கான் அதையே செய்தாள். சூட்டில் கழுத்துக் கோணிப்போன பாட்டில்களையும் அவள் எறிவதில்லை. கொஞ்சம் சாய்ந்து நிற்கும், அவ்வளவுதானே!

பாட்டில்களை மூட்டையாகக் கொண்டுவருபவன் லாரிக்காரன் மர்லென். முன்பு அவற்றில் சோடா இருந்திருக்கலாம், காரின் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீரும் இருந்திருக்கலாம். யாரும் அவனைக் கேட்டதில்லை.

கூடாரத்துக்குள்ளிருந்து நாத்தனார் பாத்மா வந்தாள். தலைநகரில் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். விடுமுறை முடிந்து ஊர் திரும்பக் கிளம்பியிருந்தாள். சாலையோரக் குமிஸைச் சோதித்து அவள் எழுதிய அறிக்கை, மேலிடத்திலிருந்து 'பார்த்தோம்' என்ற கையெழுத்தோடு திரும்பி வந்திருந்தது. பார்த்தார்களாம்! படித்தார்களா என்பது யாருக்குத் தெரியும்?

"மூணு கோடையா சொல்றேன் அண்ணி. இன்னும் இதே பாட்டிலா?"

"ஆரம்பிச்சுட்டாங்க ஆபீசர் அம்மா! இந்தா, ஒரு வாய் குடிச்சுட்டுத் திட்டு."

"பாட்டில்ல இருந்து ஊத்துனா குடிக்க மாட்டேன்."

நீட்டிய குமிஸை ஒரு வாய்கூடக் குடிக்காமல் மறுப்பது அங்கே அந்த வீட்டையே அவமதிப்பது. அனார்கானுக்குச் சுருக்கென்றது.

"வெந்நீர்ல கழுவுறேன், புகை வேற போடுறேன். குமிஸ் புளிப்புல எந்தக் கிருமிடி உசுரோட நிக்கும்?"

"கிருமியப் பத்தி யாரு பேசுனா? முன்னாடி இருந்தத பிளாஸ்டிக் கொஞ்சம் உறிஞ்சி வச்சுக்கும், கழுவுனா போகாது. நீங்க சூடும் காட்டி, புளிப்பையும் ஊத்தி, வெயில்ல வேற நிறுத்துறீங்க. அதெல்லாம் குமிஸ்ல இறங்கிடும்."

"ரோடு முழுக்க இப்படித்தான் விக்கிறாங்க. யாரு செத்தா?"

"குடிச்ச உடனே விழுந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பீங்க. கொஞ்சம் கொஞ்சமா சேருது பாருங்க, அதான் என் பேச்சு யாருக்கும் ஏற மாட்டேங்குது!"

பாத்மா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சுவரிடம் பேசியிருந்தால்கூட இவ்வளவு அலுத்திருக்காது.

அந்நேரம் ஒரு கார் வந்து நின்றது. இளைஞன் ஒருவன் இறங்கினான்.

"அக்கா, ரெண்டு பாட்டில் குடுங்க. வீட்டுக்காரிக்கு ஏழாம் மாசம். குமிஸ் வேணும்னு வழியெல்லாம் ஒரே அடம்."

அனார்கான் இரண்டு பாட்டில்களை அவன் கையில் கொடுத்தாள். கோபம் இருந்தாலும் நாத்தனாரை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? உள்ளே போய், குமிஸ் நிரப்பித் துண்டில் சுற்றிய பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றைத் தூக்கி வந்தாள்.

"ஊருக்குப் போனதும் இத கனிஷாய்கிட்ட குடுத்துடு. மாசமா இருக்கா, பாவம், ஆசைப்படுறா."

பாத்மா ஜாடியைப் பார்த்தாள்.

"உங்க மகளுக்கு மட்டும் ஏன் அண்ணி கண்ணாடி?"

"பாட்டில்ல அனுப்புனா ஒரு மாதிரி வாடை அடிக்குதுன்னு அவ..."

அனார்கான் பாதியில் நிறுத்திக்கொண்டாள். இளைஞன் தன் கையிலிருந்த பாட்டில்களை ஒருமுறை பார்த்தான்.

"அக்கா, என் சம்சாரத்துக்கும் அப்படி ஜாடியில தர முடியாதா?" குத்தலாகக் கேட்கவில்லை, வெள்ளந்தியாகத்தான் கேட்டான். அதுதான் அவளைக் கொன்றது.

அனார்கான் பாட்டில்களைப் பிடுங்கிக்கொண்டு, மகளின் ஜாடியை அவன் கையில் வைத்தாள்.

கார் போன சற்று நேரத்தில் மர்லென் மூட்டையோடு வந்தான்.

"இன்னிக்கு எல்லாம் பளபளன்னு இருக்கு அக்கா!"

"இனிமே வேண்டாம் தம்பி. பாத்திரம் கொண்டுவர்றவங்களுக்குத்தான் ஊத்துவேன்."

"பைத்தியமா உங்களுக்கு? கார்ல போறவன் எவன் பாத்திரம் தூக்கிட்டு வரான்? சரி, உங்க இஷ்டம். பக்கத்துக் கூடாரத்துல வாங்கிப்பாங்க." அப்படியே மூட்டையை அங்கே கொண்டுபோய் இறக்கினான்.

"பாத்தீங்களா? ஒரு கூடாரம் நிறுத்துனா இன்னொண்ணு!" என்று பாத்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அனார்கான் தட்டிலிருந்த நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள்.

"தப்புன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு பாத்மா. இல்லேன்னா ஏன் ஜாடியத் தேடுறேன்? நம்ம பிள்ளைக்குக் குடுக்கக் கூசுறத ஊரான் பிள்ளைக்கு விக்கக் கூடாது. வா, பக்கத்துக் கூடாரத்துக்குப் போவோம். உன் பரிசோதனைக் கதையெல்லாம் எடுக்காத. அங்க விக்கிறவ தன் மகளுக்கு எதுல ஊத்திக் குடுக்குறான்னு மட்டும் கேப்போம்."