ஐயாயிரத்துப் பன்னிரண்டுக்கு அடுத்தது ஒன்று

மனிதன் தப்புச் செய்வான், கம்ப்யூட்டர் செய்யாது என்பது யோகநாதனின் கொள்கை. அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியவர் இந்த இரண்டில் எந்த இனம் என்பதை மட்டும் அவர் யோசித்ததில்லை. எழுதியவர் அவரேதான்.

1989. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாண மண்டபத்து ஆபிஸ், வியாழக்கிழமை காலை. காப்பாரிலிருந்து பஸ் ஏறி வந்த வீரம்மா, ஞாயிற்றுக்கிழமை மகள் சந்திரகலாவின் கல்யாணத்துக்கு மண்டபத்தை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டார். மண்டபப் பதிவுகளைக் கவனிக்கும் யோகநாதன் திரையைப் பார்த்தார். ஞாயிறு: ரத்து.

"நீங்கள் கேன்சல் பண்ணிப்போட்டியளே அம்மா."

"திங்கக்கிழமை பண்ணேன் தம்பி. மாப்பிள்ளை வீட்டுல நாளு சரியில்லன்னாங்க. மறுநாளே சரியா இருக்குன்னுட்டாங்க. போன் போட்டுத் திருப்பி எடுத்துட்டேன். அந்தப் பொண்ணுதான் பேசுச்சு."

டைப் அடிக்கும் தங்கமணி தலையாட்டினாள். "நான்தாண்ணே தட்டுனேன்."

"தட்டினா இருக்கும் பிள்ளை. இல்லையெண்டா தட்டேல்லை" என்றார் யோகநாதன், தன் யாழ்ப்பாணப் பேச்சில்.

வீரம்மா பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. போதாக்குறைக்கு, பங்சாரில் ஒரு கம்பெனி அதே ஞாயிறை விருந்துக்குக் கேட்டிருந்தது. பதினோரு மணிக்குப் பதில் சொல்வதாக யோகநாதன் வாக்குக் கொடுத்திருந்தார். மணி பத்தரை.

"அப்ப ஜர்னலைக் காட்டுங்கண்ணே" என்றாள் தங்கமணி.

மண்டபத்தை யார் எடுத்தாலும் விட்டாலும் வரிசை எண் போட்டு ஒரு வரி அதில் விழும். புதன்கிழமை பதிவுகள் கெட்டுப்போனபோது, யோகநாதன் ஞாயிற்றுக்கிழமைப் பிரதியை எடுத்து, அதற்குப் பிறகு விழுந்த ஜர்னல் வரிகளை எண்படி அழகாக அடுக்கி, ஒவ்வொன்றாக அதன்மேல் ஏற்றியிருந்தார். தேதிப்படி அடுக்க வழியில்லை. கம்ப்யூட்டரின் பேட்டரி செத்து, எல்லா வரியும் 1980 ஜனவரி ஒன்று என்றே சாதித்தது.

அச்சடித்த தாளில் 12ஆம் வரி: காப்பார் வீரம்மா, மறுபடியும் பதிவு. 4990ஆம் வரி: காப்பார் வீரம்மா, ரத்து.

"பார். எடுத்திருக்கினம், பிறகு விட்டிருக்கினம்." சொல்லிவிட்டு விரலை மேலே கொண்டுபோனார். முதல் வரியில், குறிப்பு எழுதும் இடத்தில், தனியாக ஒரு 2. "இதென்ன ரெண்டு? எங்களிட்ட மண்டபம் ஒண்டுதானே?"

தங்கமணி நகத்தைப் பார்த்துக்கொண்டாள். "ரெண்டு இல்லண்ணே. பிள்ளையார் சுழி. கீபோர்டுல 'உ' இல்ல. அதான் ஜாடையா இருக்கறதப் போட்டேன்."

"கம்ப்யூட்டருக்கு என்னத்துக்குப் பிள்ளையார்?"

"செவ்வாக்கிழமை கரண்டு போய் வந்துச்சுல்ல. ஐயாயிரத்துப் பன்னெண்டுல நின்ன நம்பரு, மறுபடியும் ஒன்னுல ஆரம்பிச்சிருச்சு. புதுசா ஆரம்பிச்சா சுழி போடணும்லா."

யோகநாதன் விரலை மறுபடியும் 12ஆம் வரிக்கு இறக்கினார். கடைசி எண்ணை டிஸ்க்கில் எழுதிவைக்க வேண்டும் என்ற யோசனை, புரோகிராம் எழுதிய நாளில் அவருக்கு வந்திருக்கவில்லை. மின்சாரத்தோடு எண்ணும் போயிருக்கிறது. 12 தான் பிந்தியது, 4990 முந்தியது. அவர் அழகாக அடுக்கிய அடுக்கில் செவ்வாய்க்கிழமை நடந்தது திங்கட்கிழமைக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் இன்னொரு எண் சேர்த்தார். பழைய வரிகளுக்குச் சுற்று ஒன்று, சுழிக்குப் பின் வந்தவற்றுக்குச் சுற்று இரண்டு. முதலில் சுற்று, அப்புறம் வரிசை. மறுபடியும் ஏற்றினார். ஞாயிறு: காப்பார் வீரம்மா, கல்யாணம்.

போன் அடித்தது. பங்சார் கம்பெனி.

"இல்லை சார், ஞாயிறு தர ஏலாது. கல்யாணம் இருக்கு... ஓம், காலமை காலியெண்டு சொன்னது நான்தான். இல்லையில்லை, கம்ப்யூட்டர் சரி. எங்கட பிள்ளையும் சரியாத்தான் தட்டியிருக்கு. பிழை என்னில."

வீரம்மா தங்கமணியின் பக்கம் சாய்ந்தார். "நல்ல மனுசன்தான். எடுத்துச் சொன்னா ஏறுறதுக்குத்தான் கொஞ்சம் நேரமாவுது."